முப்பதாயிரத்து முப்பத்தொன்று

செவல்குறிச்சிக்காரர்களின் வலது உள்ளங்கையில் எண் வந்து அப்போது பதினோரு வருஷம் ஆகியிருந்தது. ஒரு கார்த்திகை மாதத்துச் செவ்வாய்க்கிழமை விடியற்காலையில், பால் கறக்க உட்கார்ந்தவர் மடியைத் தொட்ட கையில் அதைப் பார்த்தார், வாசல் தெளிக்க வந்தவள் சொம்பைப் பிடித்த கையில் பார்த்தாள், தொட்டிலில் கிடந்த பிள்ளைகூட விரலை விரித்துக் காட்டியது. பெருவிரலுக்குக் கீழே, மச்சத்தின் நிறத்தில், ஆளுக்கு ஒரு எண், ஒருவருக்கு வந்தது இன்னொருவருக்கு இல்லாமல், இரண்டிலிருந்து தொடங்கி ஊரில் எத்தனை பேர் உண்டோ அத்தனை வரைக்கும். ஒன்று மட்டும் யாருக்கும் வரவில்லை. சாம்பல் போட்டுத் தேய்த்தார்கள், மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தார்கள், போகவில்லை. மாவட்டத்திலிருந்து டாக்டர்கள் வந்து பார்த்து, போட்டோ எடுத்து, தோல் சம்பந்தமானது என்று எழுதிக்கொண்டு போனார்கள். பத்து நாளில் ஊர், சாப்பிட்டாச்சா என்று கேட்கிற மாதிரி உங்களுக்கு என்ன எண் என்று கேட்கப் பழகிவிட்டது. அதற்கப்புறம் பிறந்த பிள்ளை எதுவானாலும், எந்த ஊர் ஆஸ்பத்திரியில் பிறந்தாலும், வரிசையில் அடுத்த எண்ணோடு பிறந்தது. கட்டிக்கொண்டு வந்த பெண்ணுக்கு, கார் ஊர்ப்பலகையைத் தாண்டும்போது கையில் லேசாக அரித்து எண் வந்தது. செத்தவர்கள் தங்கள் எண்ணைத் தாங்களே எடுத்துக்கொண்டு போனார்கள்.

ஜாதகம் பார்த்துக்கொண்டிருந்த வேலாயுதத்திடம் ஜாதகம் பார்க்க ஆளில்லாமல் போனது அப்போதுதான். எல்லாரும் கையை நீட்டினார்களே தவிர கட்டத்தை நீட்டவில்லை. அவர் நாலு நாள் கதவைச் சாத்திக்கொண்டு யோசித்து ஒரு முறையைக் கொண்டுவந்தார். எண்ணை இரண்டால் வகு, மூன்றால் வகு, ஐந்தால், ஏழால், பதினொன்றால், பதின்மூன்றால் வகு. எது மீதியில்லாமல் வகுக்கிறதோ, அந்த எண்ணைக் கையில் வைத்திருக்கிறவர் உனக்கு எண்ணுறவு. ஏழாம் நாள் பெயர் வைக்கும்போது பிள்ளையை மடியில் வாங்கி நாக்கில் சீனித்தண்ணீர் தொட்டு வைக்கிறவர் அவர்தான், கல்யாணத்தில் முன்னால் நிற்கிறவர் அவர்தான், சாவில் முதல் தோள் கொடுக்கிறவரும் அவர்தான். நாலு என்னாச்சு, ஆறு என்னாச்சு என்று கேட்டவர்களிடம், அதெல்லாம் இரண்டுக்கும் மூன்றுக்கும் உள்ளே அடக்கம் என்றார். பதின்மூன்றோடு ஏன் நிறுத்தினார் என்று யாரும் கேட்கவில்லை. அதற்கு மேல் அவருக்கு வாய்ப்பாடு தெரியாது, அவ்வளவுதான் விஷயம். கணக்கு டீச்சர் ஒருத்தி மட்டும் இது பாதிக் கணக்கு என்று சொல்லிப் பார்த்தாள். கேட்பாரில்லாமல் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

இப்படி ஊரில் ஆறு பேர் பெரிய மனிதர்களானார்கள். அந்த ஆறில் எதுவும் வகுக்காத எண் வந்தவர்கள், ஐந்தில் ஒருவர் அப்படித்தான் இருந்தார்கள், தனியெண் ஆனார்கள். அவர்களை யாரும் ஒரு சொல் தவறாகச் சொன்னதில்லை. கூப்பிடவில்லை, அவ்வளவே.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருபத்திரண்டு வருஷமாக நர்ஸாக இருந்த உலகம்மாளுக்கு இதில் எந்தக் குறையும் இல்லை. அவள் கையில் இருந்தது பதினெட்டாயிரத்து இருநூற்றுப் பதினான்கு. இரண்டாலும் வகுபடும், ஏழாலும் வகுபடும். ஏழு என்பது அரிசி ஆலை சங்கரபாண்டியன். அவள் புருஷன் லாரி மோதி இறந்த அன்று செருப்புகூடப் போடாமல் ஓடிவந்து முதல் தோள் கொடுத்தவர் அவர். மகளைக் காலேஜில் சேர்க்கக் கூடவே போய் மூன்று நாள் அலைந்தவர். அண்ணாச்சி என்று அவள் கூப்பிட்டால் அதில் பாதி மரியாதை, பாதி தீர்க்க முடியாத நன்றி.

அந்த வருஷம் ஐப்பசி மழை தொடங்கும்போது ஊரின் எண் முப்பதாயிரத்தைத் தொட்டது. வேலாயுதம் ஒரு மாதத்துக்கு முன்பே சொல்லிவிட்டார்: முப்பதாயிரத்து முப்பது வருகிறது, ஆறு பேரும் ஒருசேர வகுக்கிற எண் அது ஒன்றுதான், ஆறையும் ஒன்றோடொன்று பெருக்கினால் வருகிற எண், இன்னொன்று வர வேண்டுமானால் இன்னும் முப்பதாயிரத்து முப்பது எண் தாண்ட வேண்டும். அந்தப் பிள்ளைக்கு ஆறு பேரும் வந்து மடி கொடுப்பார்கள். அதற்கு அடுத்தது? கேட்டவர்களிடம் வேலாயுதம் குரலைத் தாழ்த்தினார். முப்பதாயிரத்து முப்பத்தொன்று. இரண்டால் வகுத்தால் மீதி ஒன்று, மூன்றால் வகுத்தால் மீதி ஒன்று, ஐந்துக்கும் ஒன்று, ஏழுக்கும் ஒன்று, பதினொன்றுக்கும் பதின்மூன்றுக்கும் ஒன்று. எந்தப் பக்கம் போனாலும் ஒன்று மிஞ்சும். அந்தப் பிள்ளை இருக்கிற வீட்டில் எல்லாரும் போய் ஒரே ஓர் ஆள் மிஞ்சும்.

அன்றிலிருந்து கர்ப்பிணிகள் தூங்கவில்லை. டீக்கடைக்காரர் ஒரு பலகையில் தினமும் சுண்ணாம்புக்கட்டியால் எண்ணை எழுதி வைத்தார். பிள்ளை முந்தட்டும் என்று எட்டு மாதக்காரிகள் கல்யாண மண்டபப் படியில் ஏறி இறங்கினார்கள், தேதி நெருங்கியவர்கள் பிந்தட்டும் என்று அசையாமல் படுத்துக் கிடந்தார்கள், கல்யாணம் பேசி முடித்தவர்கள் பெண்ணை ஊருக்குள் அழைக்கிற நாளைத் தள்ளிப் போட்டார்கள். உலகம்மாள் வீதியில் நடந்தால் ஒவ்வொரு வாசலிலும் ஒரு முகம் நின்று, நர்ஸம்மா, இன்னும் எத்தனை என்று கேட்டது. பிள்ளை எப்போது வரும் என்று சொல்லத் தெரிந்தவள் அவள் ஒருத்தி என்று ஊர் நம்பியது. அப்படி யாருக்கும் தெரியாது என்று அவளுக்குத் தெரியும்.

ஒரு புதன்கிழமை காலை ஐந்தரை மணிக்கு மேலத்தெருவில் முப்பதாயிரத்து இருபத்தொன்பது பிறந்தது. எட்டு மணிக்கு, தரைப்பாலத்துக்கு மேல் தண்ணீர் போகிறது, பஸ் இல்லை என்று சேதி வந்தது. ஒன்பது மணிக்குச் சங்கரபாண்டியன் வீட்டு டிராக்டர் சுகாதார நிலையத்து வாசலில் வந்து நின்றது. தார்ப்பாய்க்கு அடியில் அவர் மருமகள் நிவேதா வலியில் முனகிக்கொண்டிருந்தாள், பக்கத்தில் அவர் மனைவி பகவதி. உள்ளே பொன்மாரி ஏற்கெனவே ஒரு கட்டிலில் இருந்தாள். அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிற இசக்கிராஜின் மனைவி, முதல் பிரசவம். டாக்டர் அக்கரையில் மாட்டிக்கொண்டார். ஆயா அன்று வரவில்லை. இரண்டு கட்டில், நடுவில் ஒரு பச்சைத் திரை, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக உலகம்மாள் ஒருத்தி.

சங்கரபாண்டியன் அவளை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். அதட்டவில்லை. அதட்டியிருந்தால் அவளுக்கு லேசாக இருந்திருக்கும்.

"உலகம்மா, நான் உங்கிட்ட இதுவரை ஒண்ணும் கேட்டதில்லை."

"இல்லை அண்ணாச்சி."

"அந்தப் பிள்ளையைக் கொஞ்சம் தாமதப்படுத்து. எம்மருமக முந்திக்கிடட்டும். நீ நெனச்சா முடியும்."

"அண்ணாச்சி, அது குழாய் இல்லை, திருகி மூடுறதுக்கு."

"நான் கேட்டுட்டேன்" என்றார் அவர். வெளியே மழையில் குடை பிடித்துக்கொண்டு நூறு பேர் நின்றார்கள், டீக்கடைக்காரர் பலகையையே தூக்கிக்கொண்டு வந்திருந்தார்.

உலகம்மாள் உள்ளே போனபோது பொன்மாரிக்குத் தலை தெரிய ஆரம்பித்திருந்தது. நிவேதாவுக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. நல்லது, எது முதலில் வருகிறதோ அது வரட்டும், நான் யாருக்கும் ஒன்றும் செய்யவில்லை என்று அவள் மனசுக்குள் சொல்லிக்கொண்டே கையுறையை மாட்டினாள். வழக்கப்படி திரைக்கு அந்தப் பக்கம் போய் நிவேதாவின் வயிற்றில் கருவியை வைத்தாள். குழந்தையின் துடிப்பு நூற்று நாற்பதிலிருந்து நூறுக்கு இறங்கியது. அவள் காத்திருந்தாள். ஏறவில்லை. தொண்ணூறு. எண்பது.

அந்த நிமிஷத்தில் அவள் பயந்தது குழந்தைக்காக மட்டும் இல்லை. இப்போது இவளை முதலில் கவனித்தால் ஊர் என்ன சொல்லும், அண்ணாச்சி என்ன நினைப்பார், அதைவிட, தான் கேட்ட துடிப்பைத் தானே நம்பலாமா என்று பயந்தாள். மறுபடியும் கருவியை வைத்துக் கேட்டாள். எழுபத்தைந்து.

திரையை ஒரே இழுப்பில் விலக்கினாள். "பொன்மாரி, முக்காதே. வாயைத் திறந்து ஊது, நாய் இளைக்கிற மாதிரி ஊது. மதினி, இங்க வாங்க, இவ கையைப் பிடிச்சுக்கோங்க."

பகவதி திகைத்து நின்றுவிட்டு வந்தாள். இடது கையால் பொன்மாரியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய வலது கை எப்போதும்போல மூடியே இருந்தது.

பொன்மாரி வியர்வை வழியத் தலையைத் தூக்கினாள். பலகையும் குடைகளும் ஜன்னல் வழியே அவளுக்குத் தெரிந்துகொண்டுதான் இருந்தன. "அக்கா, உண்மையைச் சொல்லுங்க. எண்ணுக்கா, உயிருக்கா?"

"உயிருக்கு."

பொன்மாரி அவள் முகத்தைப் பார்த்தாள், பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஊத ஆரம்பித்தாள். உலகம்மாள் அதற்கப்புறம் எத்தனையோ பிரசவம் பார்த்தாள், ஆனால் வருகிற பிள்ளையை அப்படி ஒருத்தி மூச்சாலேயே நிறுத்தி வைத்ததை அவள் பார்த்ததில்லை. நாலு நிமிஷம். நிவேதாவுக்குக் கத்தரிக்க வேண்டியதைக் கத்தரித்து, கழுத்தில் இரண்டு சுற்று கொடி சுற்றியிருந்த பையனை வெளியே எடுத்தபோது அவன் நீலமாக, சத்தமில்லாமல் இருந்தான். முதுகைத் தேய்த்து, வாயைத் துடைத்து, காற்று கொடுத்து, அவன் அழுதபோது அவன் கையை யாரும் பார்க்கவில்லை. பத்து அடி தள்ளி, பகவதியின் கையை நெரித்துக்கொண்டு பொன்மாரி பெண்பிள்ளையைப் பெற்றாள். இரண்டுக்கும் நடுவில் ஒரு நிமிஷம்கூட இல்லை. முப்பதாயிரத்து முப்பது அங்கே, முப்பதாயிரத்து முப்பத்தொன்று இங்கே. வெளியே பலகையில் எழுதினார்கள், வெடி போட்டார்கள், மழையில் பாதி வெடிக்கவில்லை.

சாயங்காலம் சங்கரபாண்டியன் வந்து எல்லார் முன்னாலும் உலகம்மாளைக் கும்பிட்டார். "எண்ணுறவுன்னா இப்படி இருக்கணும்" என்றார்.

"அண்ணாச்சி, நான் துடிப்பு இறங்கினதைப் பார்த்துத்தான்..."

"சரிம்மா, சரிம்மா" என்று சிரித்தார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை அவள் வீட்டுக்குக் கொண்டுபோனாள், சோற்றில் கை வைத்தபோது அது அங்கேயும் இருந்தது. உயிருக்கு என்று சொன்னோமே, எண்பது என்று கேட்டது எண்பதுதானா, அண்ணாச்சி கேட்காமல் இருந்திருந்தால் இன்னும் இரண்டு நிமிஷம் பொறுத்துப் பார்த்திருப்போமோ என்று நாலு நாள் அவள் தன்னையே விசாரித்தாள்.

ஐந்தாம் நாள் அவள் தாயையும் பிள்ளையையும் பார்க்கப் பொன்மாரி வீட்டுக்குப் போனாள். தெருவில் அந்த வீட்டுக்கு முன்னால் மட்டும் யாரும் நடக்கவில்லை, எதிர்ப்பக்கச் சுவரை ஒட்டிப் போனார்கள். இசக்கிராஜ் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். ஆலையில் அவன் தூக்கும் மூட்டைக்கு இப்போது யாரும் கை கொடுப்பதில்லை.

"நாளன்னைக்குக் காலையில ஒரு வண்டி வருது" என்றான் தரையைப் பார்த்துக்கொண்டு. "வெளியூர்ல ஒரு இல்லம். அங்க நல்லாப் பார்த்துக்கிடுவாங்களாம்."

"பெத்த பிள்ளையைக் கொடுக்கப் போறியா?"

"ஏழாம் நாள் மடியில வாங்க ஒரு ஆள் உண்டா இதுக்கு? எல்லாரும் போய் ஒண்ணு மிஞ்சும்னு வேலாயுதம் சொல்றாரு. மிஞ்சுற ஒண்ணு எதுன்னு யோசிச்சு யோசிச்சு எனக்கு மண்டை வெடிக்குது. நான் மிஞ்சணுமா, இவ மிஞ்சணுமா, அது மிஞ்சணுமா? சொல்லுங்க."

பொன்மாரி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். மூன்று நாளாகப் பால் சரியாகச் சுரக்கவில்லை. திரும்பாமலே பேசினாள்.

"அக்கா, நீங்க உயிருக்குன்னு சொன்னீங்க. நான் நிறுத்தினேன். இப்ப எம்பிள்ளை உயிருக்கு யாரு நிறுத்துவா?"

உலகம்மாள் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். சுகாதார நிலையத்துக்குத் திரும்பி வந்தாள். மத்தியான நேரம், மழைக்கு நோயாளி ஒருவரும் இல்லை. பழைய தடுப்பூசி அட்டவணையின் பின்பக்கத்தைத் திருப்பி வைத்து, பேனாவைத் திறந்து, முப்பதாயிரத்து முப்பத்தொன்று என்று எழுதினாள். பத்தாம் வகுப்பில் கணக்கில் நாற்பத்தொரு மார்க் வாங்கியவள் அவள். வேலாயுதம் நிறுத்திய இடத்திலிருந்து அவள் தொடங்கினாள், வேறு செய்ய ஒன்றும் இல்லாததால் தொடங்கினாள். பதினேழால் வகுத்தாள், மீதி ஒன்பது. குறைந்தது இது ஒன்று இல்லையே என்று அதிலேயே அவளுக்கு ஒரு சின்ன ஆறுதல் வந்தது. பத்தொன்பது, மீதி பதினொன்று. இருபத்து மூன்று, மீதி பதினாறு. இருபத்தொன்பது, மறுபடியும் பதினாறு. முப்பத்தொன்று, முப்பத்தேழு, நாற்பத்தொன்று, நாற்பத்து மூன்று, ஒன்றிலும் தீரவில்லை. நாற்பத்தேழில் மீதி நாற்பத்தைந்து வந்தது, இன்னும் இரண்டு இருந்திருந்தால் சரியாகப் போயிருக்கும். அந்த இரண்டுக்காக அவள் மேஜையில் தலையை வைத்துக் கொஞ்ச நேரம் கிடந்தாள். ஐம்பத்து மூன்று, மீதி முப்பத்து மூன்று. தாள் தீர்ந்துபோய் ஓரத்தில் எழுதினாள். ஐம்பத்தொன்பது. ஐந்து முறை போனது, அப்புறம் பூஜ்யம், அப்புறம் ஒன்பது முறை போனது, கீழே எதுவும் மிஞ்சவில்லை.

அவள் நம்பவில்லை. திருப்பிப் பெருக்கினாள். ஐந்நூற்றொன்பதை ஐம்பத்தொன்பதால் பெருக்கினாள், ஐம்பத்தொன்பதை ஐந்நூற்றொன்பதால் பெருக்கினாள். ஒவ்வொரு தடவையும் அதே எண் வந்தது. பீரோவிலிருந்து குடும்பப் பதிவேட்டை இழுத்துப் போட்டு, பக்கம் பக்கமாகத் தேடினாள். ஐம்பத்தொன்பது: முக்காண்டி, பஸ் நிலையத்துப் பக்கம் பஞ்சர் கடை. ஐந்நூற்றொன்பது என்ற இடத்தில் இருந்த பெயரைப் பார்த்துவிட்டு, விரலை அதன்மேல் வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள். அரிசி ஆலை வீடு. பகவதி.

பகவதி தனியெண் என்பது ஊருக்குத் தெரியும். என்ன எண் என்று யாரும் கேட்டதில்லை. பதினோரு வருஷமாக அந்த வீட்டில் நடந்த எந்த விசேஷத்திலும் அவள் முன்னால் வந்து நின்றதில்லை.

முக்காண்டியின் கை பல வருஷத்துக் கிரீஸில் கறுத்திருந்தது. உலகம்மாள் சோப்பும் மண்ணெண்ணெயும் போட்டுத் தேய்க்கச் சொன்னாள். ஐம்பத்தொன்பது மெல்லத் தெளிந்து வந்தது.

"இதைப் பார்த்து என்ன செய்யப் போறீங்க நர்ஸம்மா? நான் யாருக்கு உறவு?"

"முப்பதாயிரத்து முப்பத்தொண்ணுக்கு."

அவன் ட்யூபைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டுவிட்டு எழுந்தான். அறுபது வயதுக்காரன். "ஏழாம் நாள் நாளன்னைக்கா? எத்தனை மணிக்கு வரணும்? கையில என்ன கொண்டுவரணும்? எனக்கு வழக்கமெல்லாம் தெரியாதே" என்று கேட்டுக்கொண்டே, அப்போதே சட்டையைத் தேட ஆரம்பித்தான்.

அடுத்த நாள் அரிசி ஆலை வீட்டுக்குப் போக உலகம்மாளுக்குத் துணிவு வரவில்லை, பகவதி சம்மதிக்காமல் பொன்மாரியிடம் சொல்லவும் முடியவில்லை. ஏழாம் நாள் காலையில் சங்கரபாண்டியன் வீட்டு வாசலில் பெரிய பந்தல். ஆறு பேரும் வந்து வரிசையாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள், ஆறாவதாக அந்த வீட்டுக்காரரே. வேலாயுதம் பட்டு வேட்டி கட்டியிருந்தார். உலகம்மாள் பந்தலுக்குள் போகாமல் பின்பக்கமாகப் போனாள். பகவதி அடுப்படியில் கேசரி கிளறிக்கொண்டிருந்தாள். முன்னால் பேரனை மடி மாற்றி மடி மாற்றிக் கொடுக்கிற சத்தம் அங்கே கேட்டது.

"மதினி, பிள்ளையைத் தூக்கினீங்களா?"

"எல்லாரும் போனப்புறம் தூக்கிக்கிடுவேன்" என்றாள் பகவதி. கரண்டி நிற்கவில்லை.

உலகம்மாள் அட்டவணைத்தாளை விரித்து அவள் முன்னால் வைத்துச் சொன்னாள். வேகமாக, திக்கித் திக்கிச் சொன்னாள், ஏனென்றால் பொன்மாரி வீட்டுக்கு வண்டி வருகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது, அதோடு, இதைச் செய்தால் அண்ணாச்சி முகத்தில் இனி எப்படி விழிப்பது என்ற கவலையும் இருந்தது. பகவதிக்குக் கணக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. அடுப்பைக் குறைத்தாள். வலது கையை விரித்து, அன்னியர் கையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"அன்னைக்குப் பொன்மாரி என் இந்தக் கையைப் பிடிச்சு நெரிச்சா" என்று இடது கையைக் காட்டினாள். "இன்னும் வலிக்குது. கத்தக்கூட இல்லை அந்தப் பிள்ளை. எம்பேரனுக்காக ஊதிக்கிட்டே கிடந்தா."

சேலையை உதறிச் செருகிக்கொண்டு, பின்வாசல் பக்கம் போகாமல் முன்வாசல் வழியாகவே நடந்தாள். சங்கரபாண்டியன் எழுந்தார்.

"எங்க போற?"

"ஒரு வீட்ல விசேஷம். கூப்பிட்டிருக்காங்க."

"உன்னையா?"

"ஆமா. என்னைத்தான்."

அவர் உலகம்மாளைப் பார்த்தார். அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை; தாழ்த்தாமல் இருப்பதற்கு உடம்பில் உள்ள பலமெல்லாம் தேவைப்பட்டது. "அண்ணாச்சி, அன்னைக்கு நான் உங்களுக்காகச் செய்யலை" என்றாள். முதல் தடவையாக அவர் சரிம்மா என்று சொல்லவில்லை. நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

பொன்மாரி வீட்டுக்கு முன்னால் வெள்ளை வேன் இன்ஜினை அணைக்காமல் நின்றது. பூத்துண்டில் சுற்றிய பிள்ளையோடு இசக்கிராஜ் வாசலில் நின்றான், பொன்மாரி அவன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்திருந்தாள், விடவும் இல்லை இழுக்கவும் இல்லை. முக்காண்டி தொளதொளவென்று ஒரு வெள்ளைச் சட்டையில், கையில் சீனிப் பொட்டலத்தோடு, வரலாமா கூடாதா என்று தெரியாமல் தெருவிலேயே நின்றுகொண்டிருந்தான். முதலாளியின் மனைவி மழைச்சேற்றில் நடந்து வருவதைப் பார்த்த இசக்கிராஜ் பதறிப்போய் ஒதுங்கினான். அவள் அவன் முன்னால் நின்று வலது கையை விரித்தாள். முக்காண்டியும் ஓடிவந்து பக்கத்தில் தன் கையை விரித்தான்.

உலகம்மாள் தாளை நீட்டினாள். இசக்கிராஜ் அதை வாங்கவில்லை. அவனுக்குப் பேனாக் கணக்கு வராது, மூட்டைக் கணக்குத்தான் வரும். இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தான், உதடு அசைந்தது.

"ஐந்நூத்தொன்பது மூட்டை, அறுபது லோடு போட்டா..." என்றான். "முப்பதாயிரத்து ஐந்நூத்து நாப்பது. ஒரு லோடு போகலை, அம்பத்தொம்போதுதான் போச்சு. அந்த ஐந்நூத்தொன்பதைக் கழிச்சா..."

நிறுத்தினான். மறுபடியும் முதலிலிருந்து சொல்லிப் பார்த்தான். மூன்றாவது தடவையும் அதே எண்தான் வந்தது. "சரியாப் போகுதே. யக்கா, மிச்சமே இல்லையே. ஒரு மூட்டை மிச்சம் இல்லையே."

வேன்காரர் தலையை வெளியே நீட்டினார். "யாரு ஏறுறது? நேரமாகுது."

"யாரும் இல்லைண்ணே" என்றாள் பொன்மாரி, புருஷன் தோளுக்குப் பின்னாலிருந்து. "நீங்க போயிட்டு வாங்க."

வேன் பின்பக்கமாகவே தெருவைத் தாண்டிப் போய்த் திரும்பியது. எதிர்ப்பக்கச் சுவரோரம் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்திருந்தார்கள். அதில் இரண்டு மூன்று பேர் தங்கள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பகவதி வாசற்படியில் உட்கார்ந்து மடியை விரித்தாள். பிள்ளையை வாங்கியபோது அவளுக்குக் கை பழகவில்லை, முக்காண்டி கலக்கிய சீனித்தண்ணீர் பாதி அவள் முந்தானையில் கொட்டியது. ஒரு சொட்டு நாக்கில் பட்டதும் பிள்ளை முகத்தைச் சுளித்துவிட்டு இன்னும் கேட்டு வாயைத் திறந்தது.

"காதுல பேரைச் சொல்லணும்" என்றாள் பகவதி. "என்ன பேரு?"

இசக்கிராஜ் பொன்மாரியைப் பார்த்தான், பொன்மாரி உலகம்மாளைப் பார்த்தாள். ஏழு நாளில் அந்தப் பிள்ளைக்கு ஒரு பெயர் வேண்டும் என்று யாரும் நினைக்கவே இல்லை. முக்காண்டி தயங்கித் தயங்கித் தன் அம்மாவின் பெயரைச் சொன்னான், அது பழசாக இருக்கிறது என்றாள் பொன்மாரி. இசக்கிராஜ் ஒன்று சொன்னான், அது சினிமாக்காரி பெயர் என்றாள். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, பேச்சு முற்றிச் சண்டையாகி, சுவரோரம் நின்றவர்களும் ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டு தெருவைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து, ஒரு முடிவுக்கு வர மத்தியானம் ஆகிவிட்டது.